பதினொன்று நாற்பது

"அப்போ ஆறு மாசமா எங்கம்மாவைப் பத்தி என்கிட்ட விசாரிச்சது நீ இல்ல. உன் கம்ப்யூட்டர்."

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள் அக்கா. குழுவில் மூத்தவள் என்பதால் அலுவலகம் முழுக்க அவளுக்கு அதுதான் பெயர். எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. சத்தம் தாங்காது என்று காலையில் மாட்டினால் மாலை வரை கழற்றமாட்டாள், அதனால் 'ஹெட்போன்'.

மதியம் மூன்று மணி. சின்னக் கூட்ட அறையில் அவர்கள் இருவர் மட்டும். ஹெட்போன் தன் மடிக்கணினியின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

காலையில் இதே அறையில்தான் நடந்தது. ஹெட்போன் தன் திரையைச் சுவரில் காட்டி எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள். சரியாகப் பதினொன்று நாற்பதுக்குத் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் எழும்பியது.

'அக்காகிட்ட அம்மாவைப் பத்திக் கேட்க…'

கட்டத்துக்குள் அவ்வளவுதான் இடம். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "பாசத்துக்குமா அலாரம்?" என்றான் ஒருவன். கூடவே அக்காவும் சிரித்துவைத்தாள். ஆனால் அதன்பிறகு கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று அவள் காதில் விழவில்லை.

அவள் அம்மா பக்கவாதத்தில் விழுந்து ஆறு மாதமாகிறது. முதல் வாரம் எல்லோரும் விசாரித்தார்கள். பிறகு அவரவர் பாடு அவரவருக்கு. தினமும் மேசையருகே வந்து நின்றவள் இவள் ஒருத்திதான். "இன்னைக்குச் சாப்பிட்டாங்களா? வலது கை அசையுதா?" என்று கேட்பாள். பதிலை முழுசாகக் கேட்டுக்கொண்டுதான் நகர்வாள். அந்த ஐந்து நிமிடம் இருக்கிறதே என்றுதான் அக்கா பல நாள் அலுவலகம் வந்தாள்.

"சேர்ந்த அன்னைக்கே சொன்னேனேக்கா," என்றாள் ஹெட்போன், மேசையைப் பார்த்தபடி. "எனக்கு ஆட்டிசம் இருக்கு. கவனம் ஓரிடத்துல நிக்காத ஏடிஹெச்டியும் இருக்கு. ஒண்ணு எதையும் மாத்தாதேங்கும். இன்னொண்ணு ஒரு இடத்துல இருக்காதேங்கும். குறிச்சு வெச்சாத்தான் என் நாள் ஓடும்."

"சொன்னே. நானும் உனக்காக மேல பேசினேன். மூலைச் சீட்டு வாங்கிக் குடுத்தேன். மீட்டிங்ல கேட்கப்போறதை முந்தின நாளே எழுதி அனுப்ப வெச்சேன்."

அக்கா காரணமில்லாமல் பரிந்து பேசவில்லை. அவர்கள் எழுதுவது, நோயாளிக்கு எவ்வளவு மருந்து என்று கணக்குப் போடும் மென்பொருள். பிப்ரவரி இருபத்தொன்பதில் பிறந்தவர்களுக்கு மட்டும் வயது தப்பாக விழுந்து, பெரியவர்களுக்குக் குழந்தைக்கான அளவைக் காட்டியது. பத்துப் பேர் பார்த்தும் சிக்காத அந்தத் தவறை, சோறு தண்ணி மறந்து உட்கார்ந்து பிடித்தவள் இவள். அதே வாரம் இரண்டு கூட்டங்களை மறந்ததும், வாடிக்கையாளரின் முகத்துக்கு நேரே "நீங்க கேட்கறது தேவையே இல்ல" என்றதும் இவள்தான்.

அடுத்த மாதம் குழு கலைகிறது. புதிய குழுவுக்கு அக்காதான் பொறுப்பு. நான்கு பேரை அவள் கூட்டிப்போகலாம். மற்றவர்களுக்கு வேலை இல்லை. நான்கு மணிக்குள் பெயர்கள் போய்ச் சேரவேண்டும். நேற்று முதலில் எழுதிய ஹெட்போனின் பெயரை இன்று மதியம் அடித்துவிட்டு, அங்கே வேறொரு பெயரை எழுதியிருந்தாள்.

"வேற என்னென்ன குறிச்சு வெச்சிருக்கே? காட்டு."

ஹெட்போன் காட்டினாள். 'தண்ணி குடி.' 'சாப்பிடு.' 'பேசறவங்க முகத்தைப் பார்.' 'வீட்டைப் பூட்டினியா?' வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள்.

"ம். தண்ணி குடிக்கறதும் எங்கம்மாவும் ஒண்ணுதான் உனக்கு."

ஹெட்போன் வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. நெருக்கினால் அவளுக்குப் பேச்சு அடைத்துக்கொள்ளும். அது அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் இன்று காத்திருக்க மனம் வரவில்லை.

"பாசம் இல்லாம இருக்கறது தப்பில்லம்மா. எத்தனையோ பேர் கேட்கறதே இல்ல, அவங்களை நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இருக்கற மாதிரி நடிச்சே பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல."

"நடிக்கல."

"வேற என்ன அது?"

அக்கா தன் கணினியை இழுத்து, சுட்டியை 'அனுப்பு' என்பதன் மேல் கொண்டுபோய் வைத்தாள்.

ஹெட்போன் தன் மடிக்கணினியோடு எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கி எடுப்பதுபோலப் பேசினாள்.

"பழைய ஆபீஸ்ல ஒரு அண்ணனோட குழந்தைக்கு ஆபரேஷன். எப்படி இருக்குன்னு ஒரே நாள்ல பதினாலு தடவை கேட்டேன். மறுநாளும் கேட்டேன். தொல்லை பண்றேன்னு எழுதிக் குடுத்துட்டார். என்னை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க."

சொல்லிக்கொண்டே காலையில் எழும்பிய அந்தச் சின்னக் கட்டத்தை இழுத்துப் பெரிதாக்கினாள். வரி முழுதும் தெரிந்தது.

'அக்காகிட்ட அம்மாவைப் பத்திக் கேட்கலாம். ஒரே ஒரு தடவை. அதுக்கு முன்னாடியும் கேட்காதே, பின்னாடியும் கேட்காதே. எவ்வளவு தவிச்சாலும்.'

அக்காவின் கை சுட்டியிலிருந்து நழுவியது.

"இன்னைக்கு இன்னும் கேட்கலக்கா," என்றாள் அந்தப் பெண். "இப்பக் கேட்கலாமா?"