ஏழாவது இலை

“உங்க அப்பாவுக்கு மீன்ல எது ரொம்பப் புடிக்கும்னு கேக்குறாங்க சார்” என்றான் தியாகு.

ஏகாம்பரம் மறுநாள் பாடத்துக்கான குறிப்புகளிலிருந்து தலையைத் தூக்கினான். அறை வாசலில் வீட்டுச் சொந்தக்காரி மீனாச்சி, சாரோங் கைலியும் கெபாயாச் சட்டையுமாக நின்றுகொண்டிருந்தாள். பெயர் மீனாச்சி, நெற்றியில் திருநீறு, கூடத்தில் பிள்ளையார். வாயைத் திறந்தால் மட்டும் மலாய். மலாக்காச் செட்டிமார் தமிழைத் தொலைத்துப் பல தலைமுறை ஆகிறது, சாமியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் எது சொன்னாலும் பக்கத்து அறையில் குடியிருக்கும், கணக்கெழுதும் கிராணி தியாகுதான் தமிழில் சொல்லியாக வேண்டும்.

“விரால். புளி தூக்கலா வெச்ச விரால் குழம்பு. எதுக்கு?”

“நாளன்னிக்குப் போகி சார். வீட்ல பெரிய சமையல்.” அவள் இன்னும் ஏதோ கேட்டாள். தியாகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “வெத்தல போடுவாரா, சுருட்டுக் குடிப்பாரான்னு கேக்குறாங்க.”

“சுருட்டுத்தான். டாக்டர் திட்டியும் விடல.” ஏகாம்பரம் சிரித்துவிட்டான். “ஏம்ப்பா, எங்க அப்பாவா இங்க விருந்துக்கு வரப்போறாரு?”

தியாகு அதை அவளுக்கு மலாயில் சொல்லவில்லை. மீனாச்சி போகும்போது ஏகாம்பரத்தின் தலையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

அப்பா பேச்சு வந்ததும் அவன் குறிப்புகளை மூடி வைத்தான். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அவருக்கு வயிற்றுக் கட்டி ஆபரேஷன் ஆகி இருபது நாளாகிறது. தங்கையிடமிருந்து ஒரு வரி இல்லை. மூன்று மாதத்துக்கு முன் கப்பலேற்றி விடும்போது, “நீ போய்க் காலூனுடா, நான் எங்க போயிடப் போறேன்” என்று சொன்ன மனுஷர்.

“இன்னைக்காவது கடுதாசி வந்துச்சா தியாகு?”

“கடுதாசி ஏதும் வரல சார்.”

மலாக்காவின் காஜா பெராங்கில் வாத்தியாராக அவன் ஊன்றியிருந்தது ஒற்றைக் கால்தான். பட்டணத்துப் பி.ஏ.வின் இங்கிலீஷைக் கேட்டு வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. தலைமையாசிரியர் வெள்ளைக்காரர், மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து ஒன்றரை வருஷமாகப் போகிறது, அவர் மட்டும் நாற்காலியை விட்டு இறங்கவில்லை. நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்து உன் வகுப்பில் உட்காருவார், தேறாவிட்டால் அடுத்த கப்பலில் ஊருக்குப் போகலாம் என்று அன்று காலையில்தான் நறுக்கென்று சொல்லியிருந்தார். ஊரில் தங்கை குடும்பம், அப்பாவின் வைத்தியம் எல்லாம் இந்த வேலையை நம்பித்தான் இருந்தன.

மறுநாள் எப்படியோ கரையேறினான். இன்ஸ்பெக்டர் கை குலுக்கினார். தலைமையாசிரியரும் வேறு வழியில்லாமல் குலுக்கினார். வேலை நிரந்தரம்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்பாவுக்குக் கடிதம் எழுதினான். தேறி எழுந்ததும் உங்களை இங்கேயே அழைத்துக்கொள்கிறேன், இங்கும் விரால் கிடைக்கிறதாம் என்று முடித்து, தியாகுவிடம் படித்துக் காட்டினான்.

“சந்தோஷம் சார்” என்று எழுந்து போனவன் வெகுநேரம் அந்தப் பக்கமே வரவில்லை. பொறாமை என்று ஏகாம்பரம் நினைத்துக்கொண்டான். ரப்பர் கம்பெனிக் கிராணிக்கு எந்த இன்ஸ்பெக்டர் வந்து கை குலுக்கப் போகிறார்!

போகியன்று பள்ளி விட்டு வந்தபோது வாசலிலேயே குழம்பு மணம் ஆளைத் தூக்கியது. கூடமெல்லாம் சாம்பிராணிப் புகை. புகைக்கு நடுவே வரிசையாக ஏழு வாழை இலைகள், இலை கொள்ளாமல் சோறு, மிளகாய்ச் சம்பால், மீன், பலகாரம். கடைசி இலையில் விரால் குழம்பு. ஓரமாக ஒரு சுருட்டு.

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அப்பனுடைய ருசிதானே பிள்ளைக்கும் இருக்கும் என்று, பாஷை தெரியாத மனுஷி சுருட்டைக்கூட விடாமல் வைத்திருக்கிறாளே! மூன்று மாதத்தில் இந்த ஊர் இன்றைக்குத்தான் அவனை வா என்று கூப்பிட்டிருக்கிறது. கைகால் கழுவிக்கொண்டு வந்து, அந்த இலைக்கு முன்னால் உட்காரப் போனான்.

மீனாச்சி ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

“உக்காராதீங்க சார்” என்றான் பின்னால் நின்ற தியாகு. “இது பார்ச்சு. இவங்க வழக்கம். வீட்ல செத்துப்போனவங்களுக்கு என்னென்ன புடிக்குமோ அத ஆக்கிப் படைப்பாங்க. அவங்க சாப்ட்டப்புறம்தான் நாம.”

ஏகாம்பரத்துக்குச் சுரீரென்றது. “அந்தக் கடைசி இலை?”

“உங்க அப்பாவுக்கு. விராலுக்காக நான்தான் செங் ஊர் வரைக்கும் சைக்கிள்ல போய்ட்டு வந்தேன்.”

“அடப்பாவிகளா!” குரல் கிழிந்துவிட்டது அவனுக்கு. “ஆஸ்பத்திரில உசுரோட கெடக்குற மனுஷனுக்கா படையல் போட்டீங்க? அந்தம்மாவுக்குத்தான் நான் பேசுறது வெளங்கல, நீ தமிழன்தானே, நீயாவது எடுத்துச் சொல்லக் கூடாது? எடுக்கச் சொல்லு அதை! இப்பவே எடுக்கச் சொல்லு!”

மீனாச்சி இலையை எடுக்கவில்லை. பிடித்த கையையும் விடவில்லை. தியாகு சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை வெளியே எடுத்தான்.

“இன்ஸ்பெக்டர் வர்றதுக்கு மொத நாளே தந்தி வந்துருச்சு சார்.”