அரைக்குக் கீழே

உதயரூபன் மட்டக்களப்பில் ஓர் அலுவலகத்துக்கு அறிக்கை மென்பொருள் எழுதுபவன். தசமப் புள்ளிகள் மேலதிகாரியின் கண்ணை உறுத்தின. அதனால் எண்களை முழு எண்ணாக்க நாலு வரி நிரல் எழுதிவைத்தான். அரைக்குக் குறைந்ததெல்லாம் அதில் பூச்சியமாகிவிடும்.

அவன் தினமும் வீட்டுக்குப் போக வாவியைக் கடக்கும் தோணித்துறையில், ஆயிரம் பேருக்கு 0.4 என்றிருந்த மரணக் கணக்கும் பூச்சியமானது. ஒருவரும் சாகாத துறைக்கு உயிர்காப்பு அங்கி எதற்கென்று மேலிடம் கோரிக்கையைத் திருப்பியனுப்பியது.

பள்ளிக்கூடம் போன மகளை அந்தத் துறையில் பறிகொடுத்த அன்னப்பூரணி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"என்ட புள்ள பூச்சியமா தம்பி?"

"அரைக்குக் கீழ எண்டா அது அப்பிடித்தான் காட்டும் அக்கா."

"ஓம். அப்ப உங்களையும் அப்பிடியே காட்டட்டும்."

அவள் அழவில்லை. நின்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் வரவு பதியும் இயந்திரம் அவன் கைரேகையை ஏற்கவில்லை. அவனுடைய கதிரையில் வேறொருவர் இருந்து வேலை செய்தார். அவன் சொன்ன வணக்கத்துக்கு மேலதிகாரி நிமிரவேயில்லை.

பின்னேரம் துறைக்கு ஓடினான். தோணிக்காரர் கரையை ஒருதரம் பார்த்தார். "ஒரு சனமும் இல்ல," என்று தோணியைத் தள்ளிவிட்டார். உதயரூபன் தொண்டை கிழியக் கத்தினான். நீர்க்காகங்கள்கூடத் திரும்பவில்லை.

கரைப் பலகையில் ஒரு சிறுமி பள்ளிக்கூடச் சீருடையின் ஈரக் கழுத்துப்பட்டியைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவள் மட்டும் அவனைப் பார்த்து, நகர்ந்து இடம் விட்டாள்.

"இருங்க அண்ணா. ரெண்டு பேரையும் சேத்துக் கூட்டினாலும் பூச்சியம்தான்."