மரத்தூள் குழாய்

"லியோன், அந்த மனுசனைக் கேளும், ரெண்டு வருசமா இல்லாத காசு இப்ப எங்கையிருந்து வந்ததெண்டு."

இரஞ்சிதம் குசினி வாசலில் நின்று கேட்டாள். அந்த மனுசன், அதாவது அவள் புருசன் பரராசசிங்கம், நாலு முழம் தள்ளி அளவு நாடாவும் கையுமாக நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில், ஊர்காவற்றுறையிலிருந்து வந்த தகர வேலைக்காரன் லியோன் அகப்பட்டு முழித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணை, அக்கா கேக்கிறா..."

"எனக்குக் காது கேக்கும். காசு எங்கையிருந்து வந்தாலென்ன, பைப் போடுறதுதான் அலுவல் எண்டு சொல்லும்."

மண்கும்பானில் அந்த வீட்டில் ஒரு கிழமையாகப் புருசன் பெண்சாதிக்குள் பேச்சில்லை. போன வெள்ளிக்கிழமை ஹெலிகொப்டர் வந்து சுட்டபோது அயலெல்லாம் இவர்கள் வளவில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் இறங்கிவிட்டது. இரஞ்சிதம் மட்டும், உள்ளே மூச்சு முட்டுமென்று, தொய்வு இழுக்க இழுக்கப் பங்கர் வாசலில் நின்றாள். "வாறதெண்டால் வா, இல்லாட்டிச் செத்துத் துலை" என்று பரராசசிங்கம் உள்ளே இருந்து கத்தினார். அயல் சனம் அத்தனைக்கும் கேட்டது. அன்றைக்கு அவள் சாகவில்லை. அந்தச் சொல்லை மன்னிக்கவும் இல்லை.

தொய்வு வந்ததே அவருடைய பட்டறையால்தான் என்பது அவள் கட்சி. தெற்கே ஒரு பட்டணத்தில் நடத்திய கடை எண்பத்து மூன்று கலவரத்தில் எரிந்துபோக, ஊருக்கு வந்தவர் வீட்டுக் கோடிக்குள் கொட்டில் போட்டு, மரம் அரியிற மிசின் ஒன்றை வாங்கி, கதவு யன்னல் செய்யத் தொடங்கினார். மரத்தூள் சோற்றில் விழுந்தது, பாயில் விழுந்தது, அவள் நெஞ்சிலும் இறங்கியது. தூளை இழுத்து வெளியே தள்ள ஒரு பைப் போடச் சொல்லி இரண்டு வருசம் மன்றாடினாள். காசில்லை என்ற ஒரே பதில்தான். இப்போது ஊர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மனுசனுக்குப் பட்டறை ஞாபகம் வந்திருக்கிறது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வராமல் என்ன செய்யும்?

லியோன் தொண்டையைச் செருமினான். "மலிவெண்டால் தகரம்தான் அண்ணை. எண்ணெய் டின்னை வெட்டி உருட்டி, ஈயம் பிடிச்சுத் தாறன். ரெண்டு நாள் வேலை."

"ஏலாது. ஒரு மாரிக்கை உக்கிப்போகும்."

"அப்ப தண்ணி இறைக்கிற மிசினுக்குப் போடுற சுருள் பைப்? வளைக்கவும் சுகம்."

"நசிஞ்சு போகும்."

"கூரைக்கு மேலாலை போறதை ஆர் அண்ணை நசிக்கப் போயினம்?"

பரராசசிங்கம் நாடாவைச் சுருட்டினார். "நல்ல மொத்தமான பீ.வீ.சீ. பைப்தான் வேணும். நாலு அங்குலம். புதுசு வேண்டாம், விலை தாங்காது. யாழ்ப்பாணத்திலை இடிஞ்ச கட்டடங்களிலை கழட்டினது அரைவிலைக்குக் கிடக்காம், அதைப் பாரும். வாயிலை குப்புற ஒரு வளைவு போடவேணும், மழைத்தண்ணி போகக்கூடாது."

"லியோன், கேட்டீரே," இரஞ்சிதத்தின் குரல் உயர்ந்தது. "மிசினுக்கு என்ன சீர் நடக்குது பாரும். பெண்சாதியைச் செத்துத் துலை எண்டவருக்கு இனி ஆர் தூள் குடிச்சாலென்ன?"

"லியோன், கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொல்லும். அலுவல் பாக்க ஏலாமல் கிடக்கு."

"சும்மா இருக்க எனக்கு வேறை இடம் இருக்கெண்டு சொல்லும்."

சொன்னபடியே செய்தாள். இரண்டு சேலையைப் பையில் திணித்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் மடத்துவெளிக்கு, தமக்கை நல்லம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அங்கே போயும் கோபம் ஆறவில்லை. ஐந்தாம் நாள், மண்கும்பான் பக்கம் திரும்பவும் ஹெலி சுட்டதாகப் பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். அடுத்த பஸ் வரும்வரை றோட்டிலேயே நின்று விசாரித்தாள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்று அறிந்தபிறகு, அந்த மனுசனுக்காகவா கலங்கினேன் என்று கோபம் இரண்டு மடங்காகியது. மிச்ச உடுப்பையும் எடுத்துக்கொண்டு ஒரேயடியாகத் தமக்கையிடம் வந்துவிடுவதென்று மண்கும்பானுக்குப் புறப்பட்டாள். அந்தப் பைப்பை உடைக்காமல் வருவதில்லை என்றும் நினைத்துக்கொண்டாள்.

படலையைத் தள்ளிக்கொண்டு வந்தவள் குசினிக்குள் புகுந்து உலக்கையை எடுத்தாள். நேரே கொட்டிலுக்குப் போனாள்.

ஓங்கிய உலக்கை ஓங்கியபடியே நின்றது. கொட்டிலுக்குள் பைப் இல்லை. மிசினும் இல்லை. அது நின்ற இடத்தில், சீமெந்துத் தரையில் ஆணி பூட்டிய நாலு ஓட்டைகள் மட்டும் கிடந்தன.

"மிசினை வித்துத்தான் அக்கா பைப் வாங்கினவர்." பின்னால் லியோன் நின்றான். கையெல்லாம் ஈர மண்.

"அந்த மனுசனுக்கு விசரே? மிசின் இல்லாமல் பைப் என்னத்துக்கு?"

லியோன் வேலியோரத்தைக் காட்டினான். பங்கரை மூடிய மண்மேட்டின் மேல், குப்புற வளைந்த இரண்டு பைப் வாய்கள் நீட்டிக்கொண்டு நின்றன. அதில் ஒன்றுக்குள்ளால் பரராசசிங்கத்தின் குரல் கோபம் குறையாமல் மேலே வந்தது.

"லியோன், உம்மடை அக்காவை உள்ளை இறங்கி இருந்து பாக்கச் சொல்லும். இன்னும் மூச்சு முட்டுதெண்டால், மற்றப் பக்கத்தாலையும் ஒரு பைப் போடலாம்."