அத்தை முடிக்கக் கூடாத வாக்கியம்

சிலமலையில் மாமியார் வீட்டு வாசலில் நின்று வயிற்றில் கை வைத்தேன்.

பசி இல்லை. பேச்சுக்கு மூச்சு வயிற்றிலிருந்து கிளம்ப வேண்டும் என்பது மதுரை டீச்சர் சொல்லிக்கொடுத்த பாடம்.

எண்பத்து மூன்றாம் வருடம், ஆடி மாதம். பொன்னுமணி பின்னால் ஜீப்பில் மலையிறங்கி வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் நான் வந்து, அவள் அம்மாவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். என் வாயால், முழுதாக.

எனக்குத் திக்குவாய். பெயரைக்கூட ஒரே மூச்சில் சொன்னதில்லை. காசிமாயன் என்று பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும். ‘கா’விலேயே வண்டி நின்றுவிடும்.

நான் வாயைத் திறந்தால் யாரும் சொல்வதைக் கேட்பதில்லை. வாயைத்தான் பார்ப்பார்கள். எங்கே நிற்கும், எப்போது எடுத்துக்கொடுக்கலாம் என்று.

அதில் என் மாமியார் மாயக்காள் கெட்டிக்காரர். நான் ‘த’ என்றால் தண்ணீர் வரும். ‘சோ’ என்றால் தட்டே வந்துவிடும். பிரியமாகத்தான் செய்வார். எனக்குப் பேச்சு வந்தால் வீரபாண்டிக் கோயிலுக்குத் தீச்சட்டி எடுப்பதாகக்கூட நேர்ந்திருந்தார். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் தொடங்கிய எந்தப் பேச்சையும் நான் முடித்ததில்லை. அத்தைதான் முடித்திருக்கிறார்.

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அத்தை முடிக்கக் கூடாது.

மதுரைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனவள் பொன்னுமணிதான். அங்கே ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி டீச்சர் என்னைப் பாயில் படுக்கவைத்து, வயிற்றில் ஒரு புத்தகத்தை வைத்து, அது ஏறி இறங்குவதைப் பார்க்கச் சொன்னார். இறுகிக் கிடந்த தாடையையும் கழுத்தையும் எப்படிப் பிடித்துவிட வேண்டும் என்று பொன்னுமணிக்குக் காட்டினார். யாரிடம் பேசத்தான் ரொம்பப் பயம் என்று கேட்டார். மாமியாரிடம் என்று சொல்லி முடிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. டீச்சர் எடுத்துக்கொடுக்காமல் காத்திருந்தார். அப்படி ஒருவர் காத்திருந்ததில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வராத வார்த்தையை ஒதுக்கிவிட்டு வேறு வார்த்தை போடக் கூடாது என்றும் சொன்னார். எனக்கு ‘ப’ பெரும் பகை. அதனாலேயே பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கையைத் தட்டுவேன், வந்துவிடுவாள்.

மலையில் ஏலக்காட்டு வேலை முடிந்து வந்ததும் பயிற்சி நடக்கும். வீட்டில் புத்தகத்துக்கு எங்கே போவது, வயிற்றில் அரைப்படியை வைத்தோம். தாடையில் எண்ணெய் தடவி நீவிவிடுவாள். பிறகு மளிகை சுற்றிவந்த பேப்பரை இருவரும் சேர்ந்து வாசிப்போம். சேர்ந்து வாசித்தால் எனக்குத் திக்காது. அவள் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வர வேண்டும், நான் அறியாமலே நான் தனியாகப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். கள்ளி, சில நாள் வாயை மட்டும் அசைத்து என்னை ஏமாற்றுவாள்.

அடுத்த தடவை ஊருக்குப் போனால் அம்மாவிடம் நான்தான் பேச வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

அத்தை முறத்தோடு வெளியே வந்தார். என்னைக் கண்டதும் வழக்கம்போல் அவர் கண் என் வாய்க்குப் போயிற்று.

பாதி மூச்சை விட்டேன். முதல் எழுத்தை மெல்ல இழுத்தேன். பக்கத்தில் பொன்னுமணியின் குரலும் சேர்ந்து வருவதாக நினைத்துக்கொண்டேன்.

வாக்கியம் வந்தது. அவள் பெயரோடு, ராகம் போட்ட மாதிரி நீளமாக, ஓர் இடத்திலும் நிற்காமல்.

அத்தையின் முகம் மலர்ந்தது. முறத்தைக் கீழே வைத்தார். கண் நிறைந்துவிட்டது.

“மாப்ளே, திக்காமப் பேசிட்டீகளே. ஏ மொக்கம்மா, வெரசா வா, எங்க மாப்ளை பேசுறாக. இன்னொருக்கச் சொல்லுங்க மாப்ளே, இவளும் கேக்கட்டும்.”

ஒரு கணம் எனக்கும் சந்தோஷம் வந்தது. கள்ளி இதைக் கேட்கவில்லையே என்று நினைத்தேன். அந்த ஒரு கணத்தை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

பக்கத்து வீட்டு மொக்கம்மாள் ஈரக்கையோடு ஓடிவந்தாள். இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

காலையில் காற்றுமழைக்கு மரக்கொம்பு ஒடிந்து, கீழே ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்தவள் மேல் விழுந்தது. பிறந்த வீட்டுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும், கோடிச் சேலை அங்கிருந்துதான் வர வேண்டும். கேதம் என்று சாவுச் சேதி சொல்ல வேறு ஆள் போவதுதான் வழக்கம். கங்காணி சின்னமுத்து தானே போவதாகச் சொன்னார். நான்தான் விடவில்லை.

மறுபடி வயிற்றில் கை வைத்தேன். இந்தத் தடவை பக்கத்தில் குரல் இல்லை.

‘பொ’விலேயே நின்றுவிட்டது. உதடு ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்றது.

அத்தை எப்போதும்போல் எடுத்துக்கொடுத்தார். பொன்னுமணியா என்றார். தலையாட்டினேன். பின்னால் வருகிறாளா என்றார். அதற்கும் தலையாட்டினேன். மேலுக்கு முடியவில்லையா என்றார். நான் ஆட்டவில்லை.

அப்போதுதான் அவர் பார்வை என் வாயை விட்டு இறங்கிச் சட்டைக்கு வந்தது. மழையில் நனைந்தும் போகாத கறை அதில் இருந்தது.

மீதியை அத்தையே சொல்லி முடித்தார்.