உதிர்ந்த இலை நிறத்தில் ஒரு சேலை

“இது பழுக்கத் தொடங்கின இலை, பிள்ளை. அவள் கேட்டது பழுத்து விழுந்த இலை.”

கோசலை இருபத்திரண்டாவது சேலையையும் ஒதுக்கித் தள்ளினாள்.

பாரிஸின் ரூ காய் தெருவில் உள்ள தன் சேலைக் கடையின் கல்லாவில் உட்கார்ந்து வாமதேவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் கல்யாணப்பெண் அக்‌ஷரா செய்த வேலை. பக்கத்து ஸ்டாலின்கிராட் பகுதியின் கால்வாய்க் கரையில் உதிர்ந்து கிடந்த இலைகளைப் படமெடுத்து, பக்கத்தில் ஐந்து நிற வட்டம் போட்டு, ‘சொந்தக்காரப் பெண்கள் எல்லோரும் இந்த நிறங்களில்தான் வரவேண்டும்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள்.

ஊரில் கூட்டி அள்ளிக் கொளுத்துகிற குப்பைக்கு பாரிஸில் வந்த வாழ்வு. வாமதேவனுக்கு அதில் வருத்தமில்லை. அந்தக் குப்பை நிறத்திலேயே நாலு கட்டுச் சேலை இறக்கி வைத்திருந்தார்.

வருத்தமெல்லாம், சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த கஜானியைப் பற்றித்தான். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம். வைத்திருப்பதா அனுப்புவதா என்று இன்று மாலை சொல்லவேண்டும். கல்யாணப்பெண்ணின் சொந்த மாமி கோசலைக்கே ஒரு சேலை விற்கத் தெரியாதவளை வைத்து என்ன செய்வது?

“இது என்ன நிறம், பிள்ளை?”

“கடுகு, அக்கா.”

“இது தேங்காய்ப்பால் சொதி. மற்றதைக் காட்டு.”

“இது மண்ணிறம்.”

“இது பிளேன்ரீ. நான் என்ன தேத்தண்ணிக் கடைக்கோ வந்தனான்?”

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

கஜானி ஒரு கணம் கோசலையைப் பார்த்தாள். பிறகு கடை முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

“நீங்கள் சொல்லுறது சரி அக்கா. அந்த நிறம் எங்களிட்டை இல்லை. போன வருசம் கோயில் தேருக்கு ஒரு அரக்குச் சாறி கட்டினீங்களே, அதுதான் அச்சு அசல் அந்த இலை. அதையே கட்டுங்கோ.”

“ஒருக்காப் படமெடுத்த சாறியை ஆரும் திருப்பிக் கட்டுவினமோ?” என்றாள் நின்றவர்களில் ஒருத்தி.

“கல்யாணப் பிள்ளை நிறமெல்லோ கேட்டிருக்கு?” என்றாள் கஜானி. “நிறம் பொருந்தாமல் புதுசு கட்டி என்ன பிரியோசனம்?”

“அதைத்தான் நானும் யோசிச்சனான்,” என்ற கோசலை, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள். அவளைப் பார்த்து மற்ற இரண்டு பெண்களும் ‘வீட்டிலையும் ஒண்டு கிடக்கு’ என்று கிளம்பிவிட்டார்கள்.

வாமதேவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நீ இஞ்சை சாறி விக்க வந்தனியோ, வாறவையைத் திருப்பி அனுப்ப வந்தனியோ? ஒரு நியாயம் சொல்லு. இல்லாட்டி நாளைக்கு வராதை.”

கஜானி சேலைகளை மடித்துக்கொண்டே சொன்னாள்.

“அந்த அக்கா நிறம் பாக்கேல்லை, அண்ணை. ஒவ்வொண்டிலும் முதல் விலைத்துண்டைப் பாத்திட்டுத்தான் நிறம் பிழை எண்டவா. வேலை கிடைக்கிறதுக்கு முந்தி நானும் உங்கடை கடையிலை இரண்டு வருசம் அப்பிடித்தான் நிறம் பாத்தனான்.”