விலகுவதற்கான காரணம்

“வணக்கம், நான் நிலா பேசுகிறேன். உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?”

மறுமுனையில் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. றஸ்னா இரண்டாம் தரமும் ‘நிலா’வாக வணக்கம் சொன்னாள்.

“லைனை வெட்டிரணும். எனக்கு உங்கட கேபிளும் வேணாம், இன்டர்நெட்டும் வேணாம்.”

அவளுக்குத் திரையில் பெயரைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. ஒலுவில் துறைமுகத்தில் போட் எஞ்சின்களோடு மல்லுக்கட்டி, அந்த இரைச்சலுக்கு மேலால் கதைத்துப் பழகிய தொண்டை அது. அவளுடைய வாப்பா, அப்துல் ஸமட்.

பதினான்கு மாதத்துக்குப் பிறகு வாப்பா அவளோடு கதைக்கிறார். கதைப்பது யாரோடு என்று தெரியாமல்.

றிபாத்தைத்தான் கலியாணம் முடிப்பேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். பெண்ணைக் கொடுக்கும் வலிகாரராக வந்து அந்த மாப்பிள்ளைக்குக் கைகொடுக்க மாட்டேன் என்று அவரும் ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் கலியாண நீதவானான காதியார் அனுமதி கொடுத்து, வாப்பா இல்லாமலேயே நிகாஹ் நடந்தது.

அதன் பிறகு எத்தனை தரம் போன் எடுத்திருப்பாள்! “வாப்பா” என்ற சொல் காதில் விழுந்ததும் வைத்துவிடுவார். வாப்பா இருக்கும் சாய்ந்தமருது வீட்டிலிருந்து அவள் வேலை செய்யும் இந்தக் கல்முனை மாடிக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம். அந்த ரோசக்கார மனுசனுக்கு அந்தப் பத்து நிமிஷம் மக்கத்தை விடத் தூரம்.

அவள் இந்தக் கொம்பனியில் இருப்பது உம்மா சொல்லி அவருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் இங்கே முப்பது பிள்ளைகள். எல்லோருக்கும் கொம்பனி வைத்த பெயர், கொம்பனி படிப்பித்த தமிழ். எந்த அழைப்பு யாருக்கு விழும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டுப் பேச்சில் ஒரு சொல் வழுக்கினால் போதும், வாப்பா வைத்துவிடுவார்.

முதுகுக்குப் பின்னால் மேற்பார்வையாளர் பவிதரன் வந்து, தன் ஹெட்போனை அவளுடைய அழைப்பில் கொழுவினார். இந்த மாதம் அவள் கையால் ஐந்து வாடிக்கையாளர்கள் விலகிவிட்டார்கள். ஆறாவது ஆள் போனால் அவளுடைய வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

வாப்பாவின் இலக்கத்துக்கான பதிவைத் திறந்தாள். இந்தக் கிழமையில் மட்டும் இதற்கு முன் பத்து அழைப்புகள். ஒவ்வொன்றுக்கும் இருபது, இருபத்தைந்து நிமிஷம் பாட்டுக் கேட்டுக் காத்திருந்து, ஆள் வந்து வணக்கம் சொன்ன உடனே வைத்திருக்கிறார். கோபம் தலைக்கேறியிருக்கும் என்று நினைத்தாள்.

யாருக்குத்தான் ஏறாது? நெல் லொறியொன்று கேபிளை அறுத்து இருபத்திரண்டு நாள். இந்தா வாறோம், நாளைக்கு வாறோம் என்றவர்களில் ஒருவன் ஏணியோடு அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. வெட்கங்கெட்ட கொம்பனி!

அந்தக் கொம்பனிக்காகத்தான் அவள் வாய் திறக்க வேண்டியிருந்தது. ஒரு மாதம் இலவசமாகத் தருகிறோம் என்றாள். வேணாம் என்றார். விளையாட்டுச் சனல்கள் என்றாள்.

“உங்கட கிரிக்கெட்டைக் கொண்டுபோய்க் கடலுக்குள்ள போடுங்க! நாளைக்குக் காலையில புதுக் கொம்பனிக்காரன் வாறான். இந்த லைனை வெட்டினாத்தான் அவன் புதுசைப் பூட்டுவானாம். வெட்டுவீங்களா, மாட்டீங்களா?”

பவிதரன் திரையின் மூலையில் இருந்த பொத்தானைத் தொட்டுக் காட்டினார். கொழும்புக்கு மாற்றிவிடும் பொத்தான். அங்கே போனால் ஐந்து நாள் இழுபடும். ஆறாவது ஆள் அடுத்த மாதக் கணக்கில் விழுவார், அவளுடைய வேலை தப்பும்.

அதற்கு முன் ஒரு கட்டாயக் கேள்வி இருந்தது.

“விலகுவதற்கான காரணத்தைக் கூற முடியுமா, ஐயா?”

பெற்ற வாப்பாவை ஐயா என்றதில் அவளுக்கு நாக்குச் சுட்டது.

பதில் வந்தபோது அந்தப் பெரிய தொண்டை தணிந்திருந்தது.

“என்ட மகள் வெள்ளிக்கிழமையில தாய்க்கு வீடியோ கோல் எடுப்பா. தாய்க்காரி டெப்லெட்டைச் சுவரில சாய்ச்சி வெச்சிக் கதைப்பா. நான் அடுத்த அறைக்குள்ள கதிரையைப் போட்டுட்டு இருப்பன். இப்ப லைன் இல்லாம, போனைக் காதுக்குள்ள வெச்சிக் கதைக்கா. எனக்கு ஒண்டும் கேக்குதில்ல. மூணு வெள்ளி போயிட்டு.”



உரத்துக் கதை மகள், உரத்துக் கதை என்று உம்மா கிழமைக்குக் கிழமை சொன்னதைக் கேட்டு, உம்மாவின் காதுதான் மங்கிவிட்டது என்று இவள் டொக்டரின் இலக்கம் வரை எடுத்து வைத்திருந்தாள். யா அல்லாஹ், அது உம்மாவின் காதுக்காக இல்லையே!

பவிதரன் மறுபடியும் அந்தப் பொத்தானைத் தட்டிக் காட்டினார்.

அவள் திரையில் காரணத்துக்கான பெட்டிக்குள் ‘மகளின் சத்தம் கேட்கவில்லை’ என்று எழுதினாள். ‘இணைப்பை நீக்கு’ என்பதை அழுத்தினாள். பவிதரன் ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு போனார்.

“இணைப்பு நீக்கப்பட்டது, ஐயா. வேறு ஏதும் உதவி வேண்டுமா?”

“வேணாம். நாளைக்கு ஜும்மாத் தொழுகை முடிஞ்ச கையோட எடு. உரத்துக் கதை.”

வைத்துவிட்டார்.

றஸ்னா திரையையே பார்த்தபடி இருந்தாள். பத்து அழைப்புகளும் இன்னும் அதில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதை எடுத்த பிள்ளைக்குக் கொம்பனி வைத்த பெயர். அவள் ஒவ்வொன்றாக வாசித்தாள்.

வாப்பா வணக்கக் குரலைக் கேட்டதும் வெட்டிய பத்துப் பேரில் நிலா என்று யாரும் இல்லை.