மாமனாரின் ஹெல்மெட்

மேசைக்குக் கட்லெட் வந்ததும் மாமனார் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். விருந்துக்கு வந்திருந்த புது மாப்பிள்ளை விழித்தார்.

"முள்கரண்டியாலே பாத்துக் குத்துங்க, மாப்பிள்ளை. தெறிக்கும். போன வாரம் ஜன்னல் கண்ணாடி போச்சு."

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

பாவம், அழுகிறார்! மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. கட்லெட்டைக் கடித்து, கண்ணை மூடி விழுங்கினார்.

"பிரமாதம், மாமா! தினமும் குடுத்தாலும் சாப்பிடுவேன். அத்தையைக் கிண்டல் பண்ணாதீங்க!"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா அடுப்படிப் பக்கமே போனதில்லைங்க. எல்லாம் அப்பா சமையல். முப்பது வருஷமா யாரும் வாய்தவறிக்கூட நல்லாயிருக்குன்னு சொன்னதில்லை!"

மாமனார் கண்கலங்க எழுந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மாப்பிள்ளையின் தலையில் மாட்டினார்.

"நாளையிலேருந்து ஆபீசுக்கு உங்க மதியச் சாப்பாடு நானே கொண்டாந்துடறேன்!"